பாகரா, தள்ளுவண்டியா, புங்கமர நிழலா? பசுமைக்குடிலில் ஆளுக்காக எதில் பணம் போடுவது

போன சித்திரையில் ஒரு நாள், மணி பதினொன்றரை இருக்கும். வெள்ளரிக் கொடிக்குக் கயிறு சுற்ற ஆள் குறைந்ததால் நானும் ஒரு பாத்தியை எடுத்துக்கொண்டேன். முப்பது மீட்டர் பாத்தி. பாதி தாண்டுவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. முடிக்கும்போது காதுக்குள் நாடி அடிப்பது கேட்டது. பக்கத்துப் பாத்தியில் இருந்த அக்காவுக்கு அது அன்றைக்கு எட்டாவது பாத்தி. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஒட்டன்சத்திரம் பக்கம் அரை ஏக்கரில் இயற்கைக் காற்றோட்டப் பசுமைக்குடில் எங்களுடையது. விதையில்லாச் சாலட் வெள்ளரி, இடையில் ஒரு போகம் குடைமிளகாய். வேலைக்கு ஆறு பேர், அதில் ஐந்து பேர் பெண்கள். ஓசூர், தளிப் பக்கம் ரோஜாக் குடில் வைத்திருப்பவர்களுக்குக் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரம் துணை நிற்கிறது. எங்களுக்கு அந்த வசதி இல்லை. பங்குனி பாதியிலிருந்து வைகாசி வரை குடிலுக்குள் தொங்கும் வெப்பமானி 40ஐத் தொடுவது வாடிக்கை.

அடுத்த கோடைக்குள் ஏதாவது செய்தாக வேண்டும் என்று ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கினேன். குடில் போட மானியம் உண்டு. குடிலுக்குள் நிற்கும் ஆளுக்கு எந்தத் திட்டத்திலும் தனி ஒதுக்கீடு இல்லை. எனவே பணம் என்னுடையது, தவறான முடிவு எடுத்தால் நட்டமும் என்னுடையது. யோசித்த வழிகளையும், ஒவ்வொன்றையும் எதற்காக எடுத்தேன், எதற்காக விட்டேன் என்பதையும் எழுதுகிறேன். எங்களைப் போன்ற சமவெளிக் குடில்காரர்களுக்கு உதவும்.

முதலில் ஒரு கணக்கு. வெறும் வெப்பமானியை நம்பி முடிவெடுத்தால் தவறாகத்தான் முடியும். வெப்பத்தில் உடம்பு படும் பாட்டை அளக்க 1950களில் அமெரிக்க மரைன் (கடல்சார் தரைப்படை) வீரர்களின் பயிற்சி முகாம்களுக்காக ஒரு முறையை உருவாக்கினார்கள். டபிள்யூ.பி.ஜி.டி. என்று சுருக்கிச் சொல்வார்கள். இங்கே 'வெப்ப எண்' என்று வைத்துக்கொள்கிறேன். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவதில் 70 சதவீதம், கறுப்புக் குண்டுக்குள் வைத்த வெப்பமானி காட்டுவதில் 20 சதவீதம், சாதாரண வெப்பமானி காட்டுவதில் 10 சதவீதம்: மூன்றையும் கூட்டினால் வரும் எண். ஈரத்துணிக்கு ஏன் இத்தனை பங்கு? நம் உடம்பும் ஓர் ஈரத்துணிதான். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆவியாகாமல் சொட்டிக் கீழே விழுந்தால் ஒன்றையும் எடுத்துப் போகாது. குடிலுக்குள் செடிகள் நாள் முழுக்க நீராவி விட்டபடி இருக்கின்றன, காற்றும் அசைவதில்லை. அங்கே வியர்வை சொட்டத்தான் செய்கிறது.

வெயிலுக்குப் பழகிய ஆள் நடுத்தர வேலையைத் தொடர்ந்து செய்ய வெப்ப எண் 28 வரை இருக்கலாம் என்கிறது ஐ.எஸ்.ஓ. 7243 என்ற பன்னாட்டுத் தரநிலை. சுமை தூக்குவது போன்ற கடின வேலைக்கு 26. பழகாத ஆளுக்கு இவை முறையே 26, 23 ஆக இறங்கிவிடும். இவற்றில் 28, 26 இரண்டும் இனி மீண்டும் வரும்.

குடில் நடுப்பகலில் எப்படி இருக்கும் என்று ஓர் உத்தேசக் கணக்குப் போடலாம். காற்று 40 டிகிரி, ஈரத்துணி 31, கறுப்புக் குண்டு 45. வெப்ப எண் 34.7 வருகிறது. 28 இருக்க வேண்டிய இடத்தில் கிட்டத்தட்ட 35. இதில் பாகர் (fogger) என்ற நீர்ப்பனித் தெளிப்பான் போட்டால் என்ன ஆகும், வேறு வழிகள் என்ன தரும் என்று பார்ப்பதுதான் என் ஒப்பீடு.

பாகர்

எல்லோரும் முதலில் சொன்னது இதைத்தான். மேலே குழாய் ஓட்டி, மூக்கு மாட்டி, அழுத்தத்தில் பனிபோல் நீரைத் தெளிப்பது. விலைப்பட்டியலோடு வந்தவர், போட்டவுடன் ஐந்து டிகிரி இறங்கும் என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் இறங்குவது சாதாரண வெப்பமானிதான். நீர் ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கும்போது அதே அளவுக்குக் காற்றில் ஈரம் ஏறுகிறது, ஈரத்துணி வெப்பமானி நின்ற இடத்திலேயே நிற்கிறது. காற்று 35, குண்டு 40, ஈரத்துணி அதே 31 என்று வையுங்கள். வெப்ப எண் 33.2. ஐந்து டிகிரி என்று விற்ற சரக்கில் ஆளுக்குக் கிடைத்தது ஒன்றரை.

செடிக்கு அது உண்மையான நன்மை, மறுக்கவில்லை. இலை வாடாது, பூ உதிர்வது குறையும். ஆனால் செடிக்குக் குளிர்ச்சி வேறு, ஆளுக்குக் குளிர்ச்சி வேறு. பாகர் ஓடும்போது உள்ளே போய் நின்றால் முதல் இரண்டு நிமிடம் சுகமாக இருக்கும். பிறகு புழுக்கம் கழுத்தைப் பிடிக்கும். எங்கள் கிணற்று நீரில் உப்பும் அதிகம், மூக்குகள் மாதம் ஒருமுறை அடைத்துக்கொள்ளும். எல்லாவற்றையும்விட, பாகர் போட்டால் என் ஒரு லட்சம் அதோடு தீர்ந்துவிடும்.

ஒரு பக்கச் சுவரில் ஈர அட்டை, எதிர்ப்பக்கம் பெரிய மின்விசிறி என்ற முறைக்கும் இதே ஈரக் கணக்குதான். அதில் காற்றாவது அசையும், வியர்வை ஆவியாகும். ஆனால் பக்கங்களை மூடிய குடிலுக்குத்தான் அது பொருந்தும். மின்கட்டணத்தைக் கேட்டதும் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

கூரை

ஸ்பெயின் நாட்டின் அல்மெரியாவில் 30,000 ஹெக்டேருக்கும் மேல் பிளாஸ்டிக் குடில்கள் இருக்கின்றன. கோடை வந்தால் அங்கே கூரைமேல் சுண்ணாம்புப் பொடியைக் கரைத்து அடித்துவிடுகிறார்கள். மழை வந்தால் கழுவிக்கொண்டு போகும். உள்ளே இழுத்து விடும் நிழல்வலையும் அதே வேலையைத்தான் செய்கிறது. வெயிலே உள்ளே குறைவாக வருவதால் காற்று, குண்டு, செடி விடும் ஆவி மூன்றும் குறையும். காற்று 37, குண்டு 40, ஈரத்துணி 29.5 என்று கொண்டால் எண் 32.4. பாகரைவிட மேல், செலவோ அதில் ஒரு துண்டு. நிழல் அதிகமானால் கொடி நெடுநெடுவென்று மெலிந்து வளரும் என்ற பயம் நியாயமானது. ஆனால் சித்திரை வெயிலில் வெளிச்சப் பஞ்சம் யாருக்கும் வந்ததில்லை.

இதோடு ஒட்டிய ஒரு சின்ன வேலை: பக்கவாட்டுப் பூச்சிவலையைக் கழுவுவது. வெள்ளை ஈ வராமல் இருக்க நெருக்கமான கண்ணுள்ள வலை போட்டிருக்கிறோம். அதில் ஓராண்டுப் புழுதி படிந்தால் வலை சுவராகிவிடும். மோட்டார் தண்ணீரைப் பீய்ச்சி அரை நாளில் கழுவினோம். அன்று மாலையே உள்ளே காற்று நடமாடியது. இதற்குச் செலவு என்று எழுத எதுவும் இல்லை, மூன்றாண்டுகளாக இதைச் செய்யாமல் விட்டதற்கு வெட்கப்பட்டதைத் தவிர.

உடம்பு போடும் அடுப்பு

வெப்பம் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. வேலை செய்யும் தசையே ஓர் அடுப்பு. ஐ.எஸ்.ஓ. கணக்கில் சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பு 115 வாட் வெப்பம் தருகிறது, நடுத்தர வேலையில் 300 வாட்டை நெருங்குகிறது, கடின வேலையில் 415. கடின வேலையை நடுத்தர வேலையாக மாற்றினால், தாங்கக்கூடிய எல்லை 26லிருந்து 28க்கு ஏறுகிறது. அதாவது இரண்டு டிகிரி. பாகர் தந்தது ஒன்றரை.

இந்த ஒரு வரிக்கணக்குதான் என் முடிவையே புரட்டிப் போட்டது. பிறகு ஒரு வாரம் வேலையை மட்டும் கவனித்தேன், வெயிலைக் கவனிக்கவில்லை. எங்கே கடினம்?

ஒன்று, கிரேட் சுமப்பது. உச்சப் பறிப்பில் நாளுக்குப் பதினைந்து கிரேட், ஒவ்வொன்றும் இருபது கிலோ. பாத்தி நடுவிலிருந்து கொட்டகை வரை இடுப்பில் வைத்து நடக்கிறார்கள். ஊர்ப் பட்டறையில் நாற்பது சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு தள்ளுவண்டி செய்யச் சொன்னேன், இரண்டு கிரேட் நிற்கும் அளவுக்கு. முதல் வண்டி தோல்வி. நடைபாதை ஈரமண்ணில் சக்கரம் புதைந்து, தூக்குவதைவிடத் தள்ளுவது பெரும்பாடாகிவிட்டது. பாதை முழுக்கக் களைத்தடுப்புப் பாய் விரித்து, சக்கரத்தையும் அகலமாக மாற்றிய பிறகுதான் ஓடியது. பாய்க்கு ஆன செலவு வண்டியின் செலவைவிட அதிகம்.

இரண்டு, மருந்தடிப்பு. பதினாறு லிட்டர் தெளிப்பானை முதுகில் கட்டினால் தொட்டியோடு சேர்த்து இருபது கிலோவைத் தொடும். அதற்குமேல் மருந்து படாத உடை வேறு. காற்றே புகாத ரப்பர் அல்லது பிளாஸ்டிக் உடுப்பு போட்டால் வெப்ப எண்ணோடு சுமார் 10 டிகிரி கூட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். அந்தக் கணக்கில் நம் ஊர்க் கோடைப் பகலில் அந்த உடையோடு வேலையே செய்யக் கூடாது. உடையைக் கழற்றிவிட்டு அடிப்பதுதான் பலரும் செய்வது. அது வேறு வகைத் தற்கொலை. நாங்கள் மோட்டாரையும் தொட்டியையும் குடிலுக்கு வெளியே வைத்து, நீளக் குழாயும் துப்பாக்கியும் மட்டும் உள்ளே போகும்படி மாற்றினோம். குழாய் கொடியில் மாட்டாமல் பிடிக்க இன்னொருவர் வேண்டும். அவருக்கும் உடை வேண்டும் என்பது இதிலுள்ள குறை. நேரத்தையும் மாலை நாலரைக்குப் பின் என்று வைத்தோம். விடியும்வரை யாரும் உள்ளே போக வேண்டியதில்லை என்பது கூடுதல் பயன்.

மூன்றாவது எனக்குத் தோன்றவே இல்லை, அக்காதான் சொன்னார். கையைத் தலைக்குமேல் தூக்கியபடி கயிறு கட்டுவதுதான் சுமப்பதைவிட மூச்சு வாங்கவைக்கிறதாம். அது உண்மைதான், தோளுக்குமேல் கைவைத்து வேலை செய்தால் நாடித்துடிப்பு ஏறும். இரண்டு படி உள்ள அகலமான பலகை முக்காலி இரண்டு செய்தோம். கொடி கட்டுவதைக் காலை முதல் வேலையாக மாற்றினோம்.

குளிர்ச்சட்டை

உறைந்த பொதிகள் வைத்த சட்டையும், இடுப்பில் சிறு மின்விசிறி மாட்டிய ஜப்பானியச் சட்டையும் இணையத்தில் கிடைக்கின்றன. பொதிச் சட்டை இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும்; பிறகு அது வெறும் சுமை. உறையவைக்கப் பெட்டி வேண்டும், ஆறு பேருக்கு மாற்றுப்பொதி வேண்டும். விசிறிச் சட்டை சுற்றியுள்ள காற்றைத்தான் உள்ளே இழுக்கும். சுற்றியிருப்பது ஈரம் நிறைந்த 40 டிகிரிக் காற்று என்றால் அதனால் பெரிய பயன் இல்லை. சேலைக்குமேல் ஆண் சட்டை போட்டு வேலை செய்யும் பெண்களுக்கு இவை எதுவும் யோசித்துத் தைக்கப்படவும் இல்லை. விட்டுவிட்டேன்.

நேரம்

காலை ஏழு மணிக் குடிலைப் பாருங்கள். காற்று 27, ஈரத்துணி 24, குண்டு 30. வெப்ப எண் 25.5. எந்தக் கருவியும் வாங்காமல் ஒன்பது டிகிரி கீழே. வேறெந்த வழியும் இதற்குப் பக்கத்தில்கூட வராது.

கத்தாரில் 2021 முதல் ஜூன் 1 தொடங்கி செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து மாலை 3.30 வரை திறந்தவெளி வேலைக்குத் தடை. வெப்ப எண் 32.1ஐத் தாண்டினால் எந்த நேரமானாலும் நிறுத்த வேண்டும். கேரளத் தொழிலாளர் துறை கோடைதோறும் நண்பகல் 12 முதல் 3 வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று ஆணையிடுகிறது. தமிழ்நாடு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. ஆனால் ஒருவர் இறந்தால் அவர் குடும்பத்துக்கு நிவாரணம் தருவதற்கும், உயிரோடு இருக்கையில் பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு அனுப்புவதற்கும் இடையே தூரம் அதிகம்.

நேர மாற்றம் இலவசம் என்று நினைத்துத்தான் ஆறு மணிக்கு வரச் சொன்னேன். ஐந்து பெண்களும் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் இரண்டு பேர்தான் வந்தார்கள். ஆறு மணிக்கு வர வேண்டுமென்றால் நான்கு மணிக்கு எழுந்து தண்ணீர் பிடித்து, சமைத்து, எட்டு மணிப் பள்ளி வண்டிக்குப் பிள்ளையை யாரிடமாவது விட்டு வர வேண்டும். முதல் டவுன் பஸ் 6.40க்குத்தான் எங்கள் விலக்கில் நிற்கிறது. காலையும் மாலையுமாக இரண்டு வேளை வரச் சொன்னால் நடையே நான்கு தடவை. வெயிலைக் கணக்குப் போட்ட நான் இவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பேசிப் பேசி வந்து நின்ற ஏற்பாடு இது: ஆறே முக்காலுக்கு வேலை தொடக்கம், பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் என் வண்டியில் இரண்டு நடை. பத்தரை வரை குடிலுக்குள். அதன்பின் பன்னிரண்டரை வரை கொட்டகை நிழலில் தரம் பிரிப்பு, அடுக்கல், கயிறு வெட்டுதல். முழுநாள் கூலி. மருந்தடிக்கும் இருவர் மட்டும் மாலையில் வருவார்கள், அதற்குத் தனிக் கூலி. கூலியைக் குறைத்துவிட்டு நேரத்தைக் குறைத்தால் அதற்குப் பெயர் பாதுகாப்பு அல்ல.

எட்டு மணி நேரக் கூலி கொடுத்து ஆறு மணி நேரத்துக்கும் குறைவாக வேலை வாங்குவது நட்டமில்லையா என்று என் மைத்துனர் கேட்டார். பன்னிரண்டு முதல் மூன்று வரை நடந்தது வேலையே இல்லை என்பதை அவர் பார்த்ததில்லை. எல் சால்வடாரில் கரும்பு வெட்டும் ஆட்களுக்குத் தண்ணீர், நிழல், ஓய்வு மூன்றையும் ஒழுங்காகக் கொடுத்துப் பார்த்தபோது, ஒரு ஆள் ஒரு நாளில் வெட்டிய அளவு 5.1 டன்னிலிருந்து 7.3 டன்னாக உயர்ந்தது என்று 2016இல் வெளியான ஆய்வு சொல்கிறது. கரும்புக்கும் வெள்ளரிக்கும் தூரம் உண்டு, உடம்பு ஒன்றுதான். காலையில் பறித்த காய் கெட்டியாக இருக்கிறது என்று மண்டியில் சொன்னது நான் எதிர்பாராத லாபம்.

மரமும் கழிப்பறையும்

ஓய்வு என்றால் எங்கே என்பது முக்கியம். முன்பெல்லாம் பாத்தி ஓரத்திலேயே உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார்கள். அது ஓய்வில்லை, உட்கார்ந்துகொண்டு வேகுவது. வெளியே பத்தடியில் புங்கமரம் இருக்கிறது. வெளியில் காற்று 36, ஈரத்துணி 25, நிழலில் குண்டு 37 என்றால் வெப்ப எண் 28.5. குடிலைவிட ஆறு டிகிரி குறைவு. சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்புக்கு அது தாராளம். மரத்தடியில் சிமெண்ட் திண்ணையும் மண்பானையும் வைத்தோம்.

கால் மணி, இருபது நிமிடத்துக்கு ஒரு தம்ளர் தண்ணீர் என்பது அமெரிக்கத் தொழில்நலக் கழகமான நியோஷின் பரிந்துரை. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மணிக்கு ஏறக்குறைய 1.4 லிட்டரையும் தாண்டக் கூடாது. உப்பு போட்ட மோரோ நீராகாரமோ ஒரு வேளை போதும். ஆனால் பானை வைத்து முதல் வாரம் முழுக்க அது காலியாகவே இல்லை. காரணம் கேட்கக் கூச்சப்பட்டு என் மனைவியை விட்டுக் கேட்டேன். ஒதுங்க இடமில்லாததால் அவர்கள் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிப் பெண்களைத் தொடர்ந்து பார்த்து, வெப்பத்தில் வேலை செய்பவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பு என்று கண்டது. அப்படியிருக்கத் தண்ணீரும் குடிக்காமல் ஒரு பெண் குடிலுக்குள் நிற்கிறாள் என்றால் குறை அவளிடம் இல்லை. ஒதுக்கிய பணத்தில் மிகப் பெரிய பங்கு கழிப்பறைக்குப் போனது. விலைப்பட்டியல் கொண்டுவந்த யாரும் அதை 'வெப்பத் தடுப்பு' என்று சொல்லியிருக்கவில்லை.

பழக்கமும் நாடியும்

எங்கள் பக்கம் பங்குனி, சித்திரையில்தான் கோயில் திருவிழாக்கள். பத்து நாள் போய்விட்டு வரும் ஆள் பழைய வேகத்தில் இறங்குவார். உடம்பு அதற்குள் பழக்கத்தை விட்டிருக்கும். திரும்பி வருபவருக்கு முதல் நாள் பாதி வேலை, பிறகு 60, 80 சதவீதம், நான்காம் நாள் முழு வேலை. புதியவருக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு, நாளுக்கு அதே அளவு கூட்டல் என்பது நியோஷ் சொல்லும் ஏற்றம். காய்ச்சல், வயிற்றுப்போக்கில் படுத்து எழுந்தவருக்கும் இதையே வைத்துக்கொண்டோம்.

நாடி பார்க்கக் கற்றுக்கொண்டதும் உதவுகிறது. திண்ணையில் உட்கார்ந்தவுடன் மணிக்கட்டில் அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். 110ஐத் தாண்டினால் அடுத்த வேலை நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும், ஓய்வை அப்படியே விட வேண்டும். சில இரத்த அழுத்த மாத்திரைகள் நாடியை மட்டுப்படுத்தும். அவற்றைச் சாப்பிடுபவருக்கு இந்த அளவுகோல் ஏமாற்றும். ஒருவர் பேச்சு குழறினாலோ, கேட்டதற்கு மாற்றிப் பதில் சொன்னாலோ நாடியெல்லாம் பார்க்க வேண்டாம். நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறியபடியே 108ஐ அழைக்க வேண்டும். வண்டி வரும்வரை ஊற்றுவதை நிறுத்தக் கூடாது.

ஒரு லட்சம் இப்படிப் போனது: கழிப்பறை, பாதைப் பாயும் வண்டியும், மருந்தடிக்கும் குழாய், கூரைச் சுண்ணாம்பு, திண்ணை, இரண்டு வெப்பமானிகள். ஒன்றின் குமிழில் பழைய வேட்டித் துணி சுற்றி ஈரம் காட்டுகிறோம். சில ஆயிரம் என் கையைக் கடித்தது. அடுத்த ஆண்டு பணம் மிஞ்சினால் பாகர் போடுவேன், செடிக்காக.

தீராதது ஒன்று இருக்கிறது. கத்திரி வெயில் நாட்களில் ஒன்பதே முக்காலுக்கெல்லாம் வெப்ப எண் 28ஐத் தாண்டுகிறது. பத்தரை வரை என்ற எங்கள் ஏற்பாடு அப்போது நிற்கவில்லை. அல்மெரியாவில் கோடையில் பயிரை எடுத்துவிட்டு மண்ணைப் பிளாஸ்டிக்கால் மூடி வெயிலில் வேகவிடுவார்கள். நூற்புழுவும் பூஞ்சையும் அடங்கும். இங்கும் சித்திரை, வைகாசியில் குடிலைக் காலியாக விடலாம். மண்ணுக்கு நல்லது. ஆனால் அந்த இரண்டு மாதம் ஆறு பேரும் எங்கே போவார்கள் என்று கேட்டேன். முருங்கைக் காட்டுக்கு, இல்லாவிட்டால் செங்கல் சூளைக்கு என்றார்கள். இந்த ஆண்டு பாதிக் குடிலில் மட்டும் நடவு வைத்திருக்கிறோம். ஒன்பதரைக்கு வெளியே வந்துவிட முடிகிறது.